எழுத்துக் கூட்டும் இடத்தில்

குழந்தை பேசப் பழகுவதற்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை. காதில் விழுந்தால் போதும். வாசிப்பு அப்படி வருவதில்லை. மனிதர்கள் எழுதத் தொடங்கி ஏறக்குறைய 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கென்று மூளையில் பிறவியிலேயே ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. உருவங்களை அடையாளம் காணும் பகுதியையும் பேச்சொலியைக் கையாளும் பகுதியையும் பழக்கத்தால் இணைத்துத்தான் ஒவ்வொரு குழந்தையும் படிக்கக் கற்கிறது. இந்த இணைப்பு எளிதில் படியாமல் போவதே டிஸ்லெக்சியா. கண்ணில் கோளாறு இல்லை, காதிலும் இல்லை, அறிவுக்கும் குறைவில்லை. எழுத்தை ஒலியாக்கும் அந்த ஒரு வேலை மட்டும் தட்டுத்தடுமாறி நடக்கிறது. எங்கே கோடு கிழிப்பது என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும் என்றாலும், 100 பேரில் 5 முதல் 10 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

இந்தப் பெயரை வைத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின். 1880களில் அவர் பார்த்த நோயாளிகள், மூளை பாதிப்பால் வாசிப்பை இழந்த பெரியவர்கள். பிறவியிலேயே இந்தச் சிக்கல் இருக்கக்கூடும் என்பதை 1896இல் எழுதியவர் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன். அவர் விவரித்த பெர்சி என்ற 14 வயதுச் சிறுவன் பள்ளியில் பல ஆண்டுகள் படித்தும் தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். சின்னச் சின்னச் சொற்கள்கூட அவனுக்குப் பிடிபடவில்லை. ஆனால் நீளமான எண்களைத் தடங்கலின்றி வாசித்தான்; இயற்கணிதமும் போட்டான். பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்பது அவனுடைய ஆசிரியரின் கணிப்பு. குறையையும் திறமையையும் ஒரே கட்டுரையில் பதிவு செய்த அந்த மருத்துவர், அடுத்த நூறாண்டில் வந்த பலரைவிடத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்.

எழுத்துகள் தலைகீழாகவோ கண்ணாடியில் தெரிவது போலவோ தோன்றுவதுதான் டிஸ்லெக்சியா என்ற எண்ணம் இன்றும் மறையவில்லை. எழுதப் பழகும் குழந்தைகள் பலரும் ஒரு கட்டத்தில் எழுத்தைத் திருப்பிப் போடுவார்கள். டிஸ்லெக்சியா உள்ள பெரும்பாலானவர்களுக்கு உண்மையான முடிச்சு ஒலியில் இருக்கிறது. ‘கடல்’ என்ற சொல்லிலிருந்து முதல் எழுத்தின் ஒலியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்டால், ஒரு குழந்தை சட்டென்று ‘டல்’ என்று சொல்லும். டிஸ்லெக்சியா உள்ள குழந்தைக்கு அந்தச் சொல் துண்டு துண்டாகப் பிரிந்து வராது. இதில் பரம்பரைக்குப் பெரிய பங்குண்டு. 2022இல் வெளியான ஒரு பெரிய மரபணு ஆய்வு, டிஸ்லெக்சியாவோடு தொடர்புடைய 42 இடங்களை மரபணுத் தொகுதியில் அடையாளம் கண்டது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு கணிசமானது. பிள்ளையைச் சோதனைக்கு அழைத்து வந்த இடத்தில், தன் பள்ளிக்கால அவமானத்துக்கான காரணத்தைத் தெரிந்துகொள்ளும் பெற்றோர் எல்லா ஊரிலும் உண்டு.

மொழிக்கு மொழி இது வேறு முகம் காட்டும். இத்தாலிய மொழியில் எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு நேரானது. அங்கே இந்தக் குழந்தைகள் பெரும்பாலும் சரியாகவே வாசிப்பார்கள், ஆனால் மெதுவாக. ஆங்கிலத்தில் வேகமும் போகும், சரியும் போகும். தமிழ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ‘கல்’, ‘மகன்’, ‘தங்கம்’ மூன்றிலும் எழுதுவது ஒரே க. ஒலிப்பது மூன்று விதம். ‘கொடி’ என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பு முதலில் நிற்கிறது, பிறகு க, பிறகு கால். வாயிலோ மெய் முதலில் வந்து உயிர் பின்னால் வருகிறது. கண் போகும் வரிசையும் நாக்கு போகும் வரிசையும் வேறு. இதோடு ல, ள, ழ வேறுபாடும், வீட்டில் பேசும் தமிழுக்கும் பாடநூல் தமிழுக்கும் உள்ள இடைவெளியும் சேர்ந்துகொள்கின்றன. 247 எழுத்துகளையும் ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளை, முதல் வரியில் ‘மரம்’ என்று படித்துவிட்டு மூன்றாம் வரியில் அதே சொல்லின் முன் திகைத்து நிற்பதைக் காணும் ஆசிரியருக்கு அது கவனக்குறைவாகத்தான் படும்.

ஞாபகசக்தி நன்றாக உள்ள பிள்ளைகள் இன்னும் கொஞ்ச காலம் ஒளிந்திருப்பார்கள். பக்கத்துப் பையன் படிப்பதைக் காதில் வாங்கிக்கொண்டு, தன் முறை வரும்போது பாடத்தை அப்படியே ஒப்பித்துவிடுவார்கள். விரல் மட்டும் வேறு வரியில் இருக்கும். மூன்றாம், நான்காம் வகுப்பில் பாடம் நீளும்போது குட்டு உடையும். அதற்குள் ‘மக்கு’, ‘சோம்பேறி’ என்ற பட்டங்கள் வந்து ஒட்டியிருக்கும். இந்தப் பட்டங்கள் செய்யும் கெடுதல் வாசிப்புச் சிக்கலைவிடப் பெரிது.

இதைக் குணப்படுத்த மருந்து இல்லை, பயிற்சி உண்டு. எழுத்தையும் ஒலியையும் ஒன்றொன்றாக, வரிசை பிசகாமல், திரும்பத் திரும்பக் கற்பிப்பதே அதன் சாரம். அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டனும் அன்னா கில்லிங்ஹாமும் உருவாக்கிய முறையில் பார்ப்பது, கேட்பது, விரலால் தடவி எழுதுவது எல்லாம் சேர்ந்தே நடக்கும். மணலில் விரலால் எழுதிக்கொண்டே எழுத்தை உரக்கச் சொன்ன நம் திண்ணைப் பள்ளி வழக்கத்துக்கு இது அதிகத் தூரமில்லை. எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டி அச்சிட்டால் டிஸ்லெக்சியா உள்ள இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகள் மேலும் நன்றாக வாசித்ததாக 2012இல் ஓர் ஆய்வு காட்டியது. வாசிக்கும் பக்கத்தின் மேல் வைக்கும் வண்ணக் கண்ணாடித் தாள்களுக்கு அப்படி உறுதியான ஆதாரம் இல்லை, விற்பனை மட்டும் உண்டு. இந்தியாவில் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறாத கற்றல் குறைபாடு, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்ந்தது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் கிடைக்கின்றன. சான்றிதழ் வாங்குவதற்குத்தான் அலைய வேண்டும். பெரியவர்களுக்குக் கைபேசி கைகொடுக்கிறது. நீண்ட செய்தியைத் தட்டச்சு செய்வதற்குப் பதில் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை.

திறமைகள் பற்றிப் பேசும்போது ஐன்ஸ்டீன், டாவின்சி பெயர்களை இழுப்பது வழக்கம். இருவருக்கும் டிஸ்லெக்சியா இருந்ததற்கு நம்பத்தக்க சான்று இல்லை, அவர்களை விட்டுவிடலாம். தாங்களே சொன்னவர்கள் போதுமான அளவு இருக்கிறார்கள். அமெரிக்க மருத்துவர் பெரில் பெனசெராஃபுக்கு வாசிப்பு கடைசிவரை சுமைதான். ஆனால் அல்ட்ராசவுண்ட் படத்தைப் பார்த்தால் அதில் பிசகும் இடம் அவர் கண்ணில் தானாகப் படும். கருவின் பின்கழுத்துத் தோல் தடித்திருப்பது டவுன் நோய்க்குறியின் அறிகுறியாகலாம் என்று 1985இல் அவர் சொன்னபோது சக மருத்துவர்கள் நம்பவில்லை. பின்னால் அது உலகெங்கும் வழக்கமான சோதனையாயிற்று. டைனோசர் ஆய்வாளர் ஜாக் ஹார்னரால் கல்லூரிப் பட்டம் வாங்க முடியவில்லை. மொன்டானாவில் டைனோசர் கூடுகளைக் கண்டெடுத்து, அவை குஞ்சுகளைப் பேணி வளர்த்தன என்ற கருத்துக்கு வலு சேர்த்தவர் அவர். 2009இல் மருத்துவ நோபல் பெற்ற கரோல் கிரைடர், சொற்களை ஒலித்துப் பார்த்து எழுத வராததால் அவற்றை அப்படியே மனப்பாடம் செய்தார். பின்னாளில் அந்தப் பழக்கம் அறிவியல் பாடங்களில் உதவியது.

இவர்களை வைத்து டிஸ்லெக்சியாவை வரம் என்று சொல்லிவிட முடியுமா? நேரில் இருக்கவே முடியாத வடிவங்களைப் படத்தில் இனம்காணும் சோதனையில், டிஸ்லெக்சியா உள்ளவர்கள் மற்றவர்களைப் போலவே சரியாக, அதேசமயம் விரைவாக விடை சொன்னதாக 2003இல் ஓர் ஆய்வு வந்தது. அந்தத் துறையின் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2018ஆம் ஆண்டுக் கட்டுரையோ, காட்சித்திறனில் இவர்களின் சராசரி சற்றுக் குறைவு, ஆளுக்கு ஆள் ஏற்றத்தாழ்வு அதிகம் என்றது. அதாவது மிக நன்றாகச் செய்பவர்களும் உண்டு, மிகத் திணறுபவர்களும் உண்டு. எல்லாப் பிள்ளைக்குள்ளும் ஒரு மேதை ஒளிந்திருப்பதாகச் சொல்வது, சாதாரணத் திறமையோடு பிறந்த பிள்ளையை இரண்டாம் முறை தோற்கடிப்பதில்தான் முடியும்.

பல திறமைகள் பிறவியில் வருபவை அல்ல. சமாளித்துச் சமாளித்துக் கைவந்தவை. எழுத்து வேலையைப் பிறரிடம் நம்பி ஒப்படைப்பது, குறிப்பெடுக்காமலே கேட்டதை நினைவில் நிறுத்துவது, பேசிக் காரியம் முடிப்பது எல்லாம் அந்த வகை. தொழில்முனைவோரிடையே டிஸ்லெக்சியா அதிகம் என்று லண்டனில் ஜூலி லோகன் நடத்திய ஆய்வு, இந்தப் பழக்கங்களையே காரணமாகக் காட்டியது. அவருடைய எண்ணிக்கைகளில் சிலருக்கு ஐயம் உண்டு. பழக்கங்களை மறுப்பவர் குறைவு.

தண்ணீரைப் படிகமாகவிடாமல் நொடியில் உறையவைத்து, உயிர் மூலக்கூறுகளை நுண்ணோக்கியில் பார்க்க வழிசெய்த சுவிட்சர்லாந்தின் ழாக் டுபோஷே 2017இல் வேதியியல் நோபல் பெற்றார். தம் வாழ்க்கைக் குறிப்பில், 1955இல் வோ மாநிலத்தின் முதல் அதிகாரபூர்வ டிஸ்லெக்சியாக்காரராகத் தாம் ஆனதையும் ஒரு தகுதியாகச் சேர்த்திருக்கிறார். எல்லாப் பாடத்திலும் மோசமாக இருக்க அனுமதியும், தடுமாறுகிறவர்களைப் புரிந்துகொள்ளும் வாய்ப்பும் அதனால் கிடைத்ததாம்.