மண்ணீரல் மெல்லத்தான் தேறும்

பண்டமாரானில் கீமோ முடித்து வந்தவரைப் பார்க்கப் போனால், "பிளட் ரிப்போர்ட் எப்படி?" என்றுதான் முதலில் விசாரிப்போம். வெள்ளை அணுக்கள் ஏறிவிட்டன என்று கேட்டதும் எதிர்ப்புச் சக்தி முழுதாகத் திரும்பிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். அது சரிதானா என்று தேநீரை ஆற்றிக்கொண்டே கொஞ்சம் பார்ப்போம்.

எதிர்ப்புச் சக்தியில் பங்குள்ள மண்ணீரல், இடது விலாவுக்கு அடியில், ஏறத்தாழ 150 கிராம் எடையில் இருக்கிறது. வயதான சிவப்பணுக்களை அது வடிகட்டும். அதன் வெண்கூழ் என்ற பகுதியில் பி, டி என்ற இரு வகை வெள்ளை அணுக்கள் தங்கி, ரத்தத்தில் வரும் கிருமிகளை அடையாளம் காண்கின்றன.

1959 முதல் புழக்கத்தில் உள்ள சைக்ளோபாஸ்பமைட் என்ற கீமோ மருந்தை எடுத்துக்கொள்வோம். அது புற்றணுக்களோடு எலும்பு மஜ்ஜையில் பெருகும் அணுக்களையும், மண்ணீரலின் பி, டி அணுக்களையும் அழிக்கிறது. மருந்து ஏறிய 7 முதல் 14 நாளில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கி, சுமார் 3 வாரத்தில் ஏறுகின்றன. பல சிகிச்சைகளில் அடுத்த கீமோவுக்கு 21 நாள் இடைவெளி விடுவது இதனால்தான்.

அப்படி ஏறுபவை பெரும்பாலும் நியூட்ரோபில்கள் என்ற வேறொரு வகை வெள்ளை அணுக்கள். தாமான் வாசலுக்குப் புது ஜாகாவைச் சீக்கிரம் நிறுத்திவிடலாம். வந்து போகிறவர்களை முகம் பார்த்தே அறிய அவருக்கு நாளாகும். அந்த முகமறியும் வேலை பி, டி அணுக்களுடையது. பி அணுக்கள் மீளப் பல மாதங்கள் பிடிக்கும். டி அணுக்களைப் பழக்கும் தைமஸ் சுரப்பி வயதோடு சுருங்கிவிடுவதால், பெரியவர்களுக்கு அவை இன்னும் மெதுவாகவே வரும்.

எலிகளிடம் இது தெளிவாகத் தெரியும். இந்த மருந்துக்குப்பின் சுருங்கும் அவற்றின் மண்ணீரல், மீளும்போது முன்பைவிடப் பெருத்துவிடும். உள்ளே நிறைந்திருப்பவையோ பெரும்பாலும் முதிராத அணுக்கள். அவற்றில் சில, டி அணுக்களை அடக்கியும் வைக்கின்றன. மனிதரில் புது அணுக்களை உருவாக்குவது மண்ணீரல் அல்ல, பெரும்பாலும் மஜ்ஜைதான். ஆனாலும் எண்ணிக்கை வேறு, தேர்ச்சி வேறு என்பது நமக்கும் பொருந்தும்.

ஆகவே ரிப்போர்ட் நன்றாக இருந்தாலும் சில மாதங்கள் கவனமாக இருங்கள். எந்தத் தடுப்பூசியையும் மருத்துவரைக் கேட்டே போடுங்கள். கீமோ நடக்கும் காலத்தில் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால், விடியட்டும் என்று காத்திருக்காமல் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ, பக்கத்தில் உள்ள வேறு மருத்துவமனைக்கோ உடனே போய்விடுங்கள்.