கெட்டிக்காரி என்று சொன்னால் போதுமா?

தோட்டங்கள் இருந்த இடமெல்லாம் தாமான்களாகிவரும் செமினியில், பிள்ளைகளிடம் பெற்றோர் பேசும் பேரம் மட்டும் மாறவில்லை: "நல்லா மார்க் எடு, சைக்கிள் வாங்கித் தரேன்." ஆறாம் ஆண்டு யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்ட பிறகும், மதிப்பெண்ணுக்குப் பரிசு என்ற பழக்கம் ஒழியவில்லை. ரோத்தானை எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் பரிசும் பாராட்டும் பலன் தருவது, அவற்றைக் கொடுக்கும் விதத்தில்தான்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பாலர்பள்ளியில் மார்க் லெப்பரும் குழுவினரும் நடத்திய ஓர் ஆய்வு 1973இல் வெளியானது. வண்ணப் பேனாவால் வரைவதில் ஆசையுள்ள பிள்ளைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு, வரைந்து முடித்த பிறகு எதிர்பாராமல் அதே சான்றிதழ் கிடைத்தது. மூன்றாம் பிரிவுக்கு ஒன்றுமில்லை. சில நாள் கழித்துப் பேனாக்களை மீண்டும் வைத்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்தவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். ஆசைக்காகச் செய்தது கூலிக்காகச் செய்ததாகிவிட்டது.

அதனால் பிள்ளை தானே விரும்பிச் செய்வதற்கு விலை பேசாதீர்கள். பல் துலக்குவது, புத்தகப்பையை அடுக்குவது போல மனம் ஒட்டாத வேலைகளைத் தொடங்கி வைக்கப் பரிசு உதவும். அது சிறியதாக, அன்றைக்கே கிடைப்பதாக இருக்கட்டும். ஆண்டிறுதிச் சைக்கிள் ஆறு வயதுக்கு வெகு தூரம். பழக்கம் படிந்ததும் பரிசை மெல்லக் குறைத்துவிடலாம்.

பாராட்டுக்கும் இந்தக் கவனம் தேவை. 1998இல் வெளியான ஓர் ஆய்வில், கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் வயதை ஒட்டிய மாணவர்களை ஆராய்ந்தார்கள். 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் அடுத்து எளிதான புதிரையே தேடினார்கள். கடினமான ஒன்றில் தோற்றதும் சோர்ந்தார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர், புதிதாகக் கற்றுத்தரும் சவாலைத் தேர்ந்தெடுத்தார்கள். புத்திசாலி என்ற பட்டம், அதை இழந்துவிடுவோமோ என்ற பயத்தையும் சேர்த்தே தருகிறது.

எனவே, "கெட்டிக்காரிம்மா நீ" என்பதோடு நிறுத்தாமல், "தப்பா வந்த கணக்க விட்டுடாம இன்னொரு வழியில போட்டுப் பார்த்தியே, அது ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று சொல்லுங்கள். தம்பி பொம்மையைப் பகிர்ந்துகொண்டால், அந்த நொடியே அதைச் சுட்டிக்காட்டிப் பாராட்டுங்கள். அண்ணனோடு ஒப்பிட வேண்டாம். எதைச் செய்ததால் பாராட்டு வந்தது என்று தெரிந்த பிள்ளைக்கு, அதை நாளைக்கும் செய்ய வழி தெரியும்.