நாற்கால் ரோபோ

நாற்கால் ரோபோ என்பது சக்கரங்களுக்குப் பதிலாக நான்கு கால்களால் நடக்கும் எந்திரம் ஆகும். சமதளத்தில் சக்கரமே சிக்கனமானது. பெரும்பாலான கால் ரோபோக்களுக்கு அசையாமல் நிற்கவும் மின்சாரம் செலவாகும். ஆனால் எண்ணெய்க் கிணற்று மேடைகளும் வேதித் தொழிற்சாலைகளும் மனிதர் நடப்பதற்காகக் கட்டப்பட்டவை. அங்குள்ள செங்குத்தான இரும்புப் படிகளும் தரையில் குறுக்கிடும் குழாய்களும் சக்கர வண்டியை எளிதில் நிறுத்திவிடும். கால்களின் தேவை அங்கேதான் எழுகிறது.

பொதுவாக ஒவ்வொரு காலிலும் இடுப்பில் இரண்டும் முழங்காலில் ஒன்றுமாக மூன்று மூட்டுகள் உண்டு. ஆக மொத்தம் 12. பாஸ்டன் டைனமிக்ஸ் நிறுவனம் 2005இல் உருவாக்கிய 'பிக்டாக்' எரிபொருள் எஞ்சினால் இயங்கியது. அதன் வழிவந்த, சுமை தூக்கும் எல்.எஸ்.3 ரோபோவை அமெரிக்க மரைன் படை 2015இல் ஒதுக்கி வைத்தது. எஞ்சினின் இரைச்சல் வீரர்களின் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பது முக்கியக் காரணம். இன்று பரவலாக உள்ளவை மின்மோட்டாரில் இயங்குபவை.

உண்மையில் கடினமானது காலைச் செய்வதன்று, நடக்கக் கற்பிப்பது. சுவிட்சர்லாந்தின் ஈ.டி.எச். சூரிக் பல்கலைக்கழகத்தில் உருவான 'எனிமல்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் நடையை ஆய்வாளர்கள் கணினிக்குள் அமைத்த செயற்கை நிலப்பரப்பில் பழக்கினர். எத்தனை முறை விழுந்தாலும் அங்கே எதுவும் உடையாது. பின்னர் அந்த நடையை உண்மையான உடலுக்கு மாற்றினர்.

வெளியுலகில் வேறொரு சிக்கல் காத்திருந்தது: கண் பொய் சொல்லும். உயரமான புல்லைக் கேமரா தடையாகக் காணும். மென்பனியைத் திடமான தரையாகக் காணும். ஆகவே கண்ணுக்குத் தெரிவதையும் காலுக்குத் தட்டுப்படுவதையும் ஒப்பிட்டு, கண்ணை எப்போது நம்பக்கூடாது என்பதையும் ரோபோ கற்றது. 2022இல் வெளியான ஆய்வின்படி, சூரிக் அருகிலுள்ள எட்செல் மலைப்பாதையில் 120 மீட்டர் உயரத்தை எனிமல் 31 நிமிடங்களில் விழாமல் ஏறியது. மனிதருக்கு வழிகாட்டிப் பலகை தரும் கணக்கைவிட இது நான்கு நிமிடம் குறைவு.

கல்வியில் விலையும் பழுதுபார்க்கும் வசதியும் முக்கியம். எம்.ஐ.டி.யின் 'மினி சீட்டா' சுமார் 9 கிலோ எடையே உள்ளது. 12 மோட்டார்களும் ஒரே வகை என்பதால், ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். மாணவர்களே கட்டிப் பார்ப்பதற்கென ஸ்டான்ஃபோர்டில் 'பப்பர்' வடிவமைக்கப்பட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் 'ஸ்டாக்' என்னும் நாற்கால் ரோபோ உருவாக்கப்பட்டுள்ளது.

தொழிற்சாலைச் சோதனையில் ரோபோவின் பலம் சலிப்பின்மை. நாள்தோறும் அதே இடத்தில் நின்று, அதே கோணத்தில் அழுத்தமானியைப் படம் பிடிக்கும். மோட்டாரின் வெப்பத்தை அளக்கும். மனிதக் காதுக்கு எட்டாத வாயுக் கசிவின் ஒலியையும் பதிவு செய்யும். அளவீடுகள் ஒரே நிலையில் எடுக்கப்படுவதால், நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள சிறு மாற்றமும் தெரியும். எனினும் தீப்பற்றக்கூடிய வாயு இருக்குமிடத்தில் சாதாரண ரோபோவின் ஒரு பொறியே ஆபத்து. அங்கே வெடிப்புத் தடுப்புச் சான்று பெற்றவை மட்டுமே நுழையலாம்.

ஒரு முறை மின்னேற்றினால் எனிமல், ஸ்பாட் போன்றவை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் இயங்கும். கசிவைக் கண்டறிந்த பிறகு குழாயைப் பிரித்துச் சரிசெய்ய, இன்றும் ஒரு தொழிலாளிதான் அந்த இரும்புப் படிகளில் ஏற வேண்டியிருக்கிறது.