வெந்நீர் வலிப்பு: உப்பு திறக்கும் கதவுகள்

தென் கர்நாடக வீடுகளில் தலைக்குக் குளிப்பதென்றால் விறகடுப்பும் செப்பு அண்டாவும்தான். கொதிக்கக் கொதிக்க மொண்டு, செம்பு செம்பாகத் தலையில் ஊற்றிக்கொள்வார்கள். சிலருக்கு மட்டும் சில செம்பு ஊற்றியதுமே பார்வை நிலைகுத்துகிறது. பேச்சு குழறுகிறது. சிலர் நினைவிழந்து, கை கால் வெட்டிக் கீழே விழுகிறார்கள். விவரம் தெரியாத வீட்டார் பேய் பிடித்ததாக எண்ணி மந்திரித்துக் கயிறு கட்டுவதுண்டு.

இது வெந்நீர் வலிப்பு. முதலில் பதிவானது நியூசிலாந்தில், 1945-ல். பெரும்பாலான நாடுகளில் அபூர்வமான இந்த நோய்க்குத் தென் கர்நாடகம் முக்கிய களம். கே.எஸ். மணி குழுவினர் 1968-ல் இதைப் பற்றி எழுதினார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் பி. சதீஷ்சந்திராவும் சகாக்களும் 1988-ல் 279 நோயாளிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். 1996-ல் வெளியான ஆய்வொன்றில், வெந்நீர் ஊற்றப்பட்ட எலிகளுக்கும் வலிப்பு வந்தது. பேய்க்கு அங்கே வேலையில்லை. வேலை பார்த்தது வெப்பம்.

வெப்பத்துக்கும் வலிப்புக்கும் என்ன சம்பந்தம்? பதிலின் ஒரு பகுதி சமையல் உப்பில் உள்ள சோடியத்தில் இருக்கிறது.

மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள். ஒவ்வொன்றுக்கும் வெளியே சோடியம் அதிகம், உள்ளே குறைவு. ஓய்வு நேரத்தில் செல்லின் உட்புற மின்னழுத்தம் வெளியைவிட சுமார் 70 மில்லிவோல்ட் குறைவு. செல்லின் சுவரில் சோடியத்துக்கென்றே கதவுகள் உண்டு. தூண்டுதல் ஓர் அளவைத் தாண்டியதும் அவை திறக்கின்றன. உள்ளே பாயும் சோடியம் பக்கத்துக் கதவுகளையும் திறக்கவைக்கிறது. மின்துடிப்பு பிறக்கிறது. ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்திலேயே கதவுகள் தாமாக அடைபட்டு, சற்று நேரம் திறக்க மறுக்கின்றன. பிரிட்டனின் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் பருத்த நரம்பில் சோதித்து 1952-ல் இதை விளக்கினார்கள். 1963-ல் நோபல் பரிசு கிடைத்தது.

வெப்பம் ஏறினால் இந்தக் கதவுகள் இன்னும் வேகமாக இயங்கும். வழக்கமாக இதனால் கெடுதல் இல்லை. துடிப்பைத் தூண்டும் செல்கள் இருப்பதுபோல அடக்கும் செல்களும் மூளையில் உண்டு. ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் மாதிரி. இந்தச் சமநிலை குலைந்து, ஏராளமான செல்கள் ஒரே சமயத்தில் துடித்தால் அதுதான் வலிப்பு.

பழைய வலிப்பு மருந்துகளான ஃபெனிடாயினும் கார்பமாசெபைனும் அடைபட்ட சோடியம் கதவைப் பிடித்துவைக்கின்றன. அளவு மீறித் துடிக்கும் செல்லில் கதவுகள் அடிக்கடி அடைபடுவதால் மருந்து அங்கேதான் அதிகம் பிடிக்கிறது. ஆனால் எல்லோருக்கும் இது ஒத்துவராது. பிரேக் செல்களுக்கும் சோடியம் கதவு வேண்டுமே! அங்கே முக்கியமான கதவொன்றை உருவாக்கும் மரபணு பழுதானால் குழந்தைகளுக்கு டிராவே என்ற கடுமையான வலிப்பு நோய் வருகிறது. 2001-ல் கண்டறியப்பட்ட உண்மை இது. காய்ச்சலும் வெந்நீர்க் குளியலும் அதைத் தூண்டலாம். அந்தக் குழந்தைகளுக்கு இதே மருந்துகளைக் கொடுத்தால் வலிப்பு கூடிவிடக்கூடும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கேட்ட மாத்திரையை வாங்கிக் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்பது இதிலிருந்தே புரியும். உப்பைக் குறைப்பதும் வைத்தியமல்ல. ரத்தத்தில் சோடியம் மிகவும் குறைந்தாலும் வலிப்பு வரும்.

வெந்நீர் வலிப்புக்கு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் காட்டிய வழி எளிமையானது. வெதுவெதுப்பான நீரில் குளிக்க வேண்டும். அதுவும் போதாதவர்களுக்கு, தலைக்குக் குளிப்பதற்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு முன் க்ளோபஸாம் மாத்திரை. அது சோடியம் கதவைத் தொடுவதில்லை, பிரேக்கை வலுவாக்குகிறது. குளிக்காத நேரத்திலும் வலிப்பு வருபவர்களுக்குத் தினசரி மருந்து தேவைப்படும். எது, எவ்வளவு என்பதை நரம்பியல் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதுவரை குளியலறைக் கதவைத் தாழிட வேண்டாம். கொதிக்கும் அண்டா எட்டத்தில் இருக்கட்டும். வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிக்காமல் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும்.