அந்தியோக்கியா இஞ்ஞாசியார்: வாழ்வும் மடல்களின் மூலபாட வரலாறும்

முன்னுரை

தொடக்ககாலக் கிறித்தவ ஆயர்களுள் அந்தியோக்கியா நகரின் இஞ்ஞாசியார் குறிப்பிடத்தக்கவர். அவரது வாழ்வை அறிய உதவும் முதன்மைச் சான்றுகள் அவருடைய மடல்களே. ஆதலால், அவர் பெயரில் வழங்குவனவற்றுள் உண்மையானவை எவை என்னும் வினாவே அவரைப் பற்றிய ஆய்வுக்கு அடிப்படையாகிறது.

கைதியின் பயணம்

உரோமைப் பேரரசர் திராயான் காலத்தில் (98–117) இஞ்ஞாசியார் தண்டிக்கப்பட்டார் என்பது யூசேபியு வழிவரும் மரபு. பத்துப் படைவீரர் காவலில் சிறிய ஆசியா வழியாக அவர் உரோமைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். சிமிர்னாவில் தங்கியபோது எபேசு, மக்னீசியா, திராலஸ், உரோமைத் திருச்சபைகளுக்கும், பின்னர்த் துரோவாவிலிருந்து பிலதெல்பியா, சிமிர்னாத் திருச்சபைகளுக்கும் ஆயர் பொலிக்கார்ப்புக்கும் மடல் வரைந்தார். தம்மை விடுவிக்க முயல வேண்டா என உரோமையரை வேண்டும் மடலில் மட்டும் ஆகஸ்டு 24 என்னும் நாள் உள்ளது; ஆண்டு இல்லை. ஆயர், மூப்பர், திருத்தொண்டர் என்னும் மூவகைப் பணிநிலையை இம்மடல்கள் தெளிவாகக் காட்டுகின்றன. ‘கத்தோலிக்கத் திருச்சபை’ என்னும் தொடருக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்று சிமிர்னா மடலே.

இடைச்செருகலும் மீட்பும்

4ஆம் நூற்றாண்டில் இவ்வேழு மடல்களும் விரித்தெழுதப்பட்டு, ஆறு போலி மடல்களும் சேர்க்கப்பட்டன. 16ஆம் நூற்றாண்டு அறிஞர் கையிலிருந்தது இவ்விரிபாடமே. ஆயர் ஆட்சிமுறை குறித்த பூசலில் ஒரு சாரார் இதனைச் சான்றாக்கினர்; கால்வின் முதலானோர் போலியென ஒதுக்கினர்.

இடைக்கால ஆங்கிலேய எழுத்தாளர்கள் காட்டிய மேற்கோள்கள் விரிபாடத்தோடு ஒவ்வாமல், யூசேபியு, தியோடரெட் ஆகியோர் காட்டியவற்றோடு ஒத்திருப்பதை ஜேம்ஸ் அஷர் கண்டார். அதனால் பழம்பாடத்தின் இலத்தீன் பெயர்ப்பு இங்கிலாந்தில் இருத்தல் வேண்டும் என ஊகித்துத் தேடினார். இரு சுவடிகள் கிடைத்தன. அவற்றைக் கொண்டு 1644இல் பதிப்பித்தார். 1646இல் ஐசக் வோசியஸ் புளோரன்சுச் சுவடியிலிருந்து ஆறு மடல்களின் கிரேக்க மூலத்தை வெளியிட்டார்.

1845இல் வில்லியம் கியூர்ட்டன் சிரியாக்கில் மூன்று மடல்களின் குறும்பாடத்தைப் பதிப்பித்து, அதுவே மூலம் என்றார். அது சுருக்கமே என்பதைத் தியோடர் ட்சான் (1873), லைட்ஃபுட் (1885) ஆகியோர் நிறுவினர். இன்றும் மறுப்போர் உளரெனினும், ஏழு மடல் பாடமே பெரும்பான்மை அறிஞரின் ஏற்பைப் பெற்றுள்ளது.

முடிவுரை

இஞ்ஞாசியாரின் பெயரால் தம் கருத்துக்கு வலுச்சேர்க்க விரும்பியோர் செய்த இடைச்செருகலே, அவரது உண்மைச் சான்றையும் நெடுங்காலம் ஐயத்திற்குள்ளாக்கியது. அவரை மீட்டுத் தந்தது சமயச் சார்பு அன்று. சுவடிகளையும் மேற்கோள்களையும் ஒப்பிட்ட மூலபாட ஆய்வே.