ஸ்டீராய்டுக்கு வளையம் கட்டும் நொதி

மனித உடலில் ஸ்டீராய்டுகளின் நான்கு வளைய அமைப்பை உருவாக்குவது லானோஸ்டீரால் சிந்தேஸ் என்ற நொதி. கொலஸ்ட்ராலும், அதிலிருந்து உருவாகும் கார்டிசால், டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன் ஆகிய ஹார்மோன்களும் இந்த வளையங்களைக் கொண்டவையே.

இதற்கு மூலப்பொருள் ஸ்குவாலீன்: 30 கார்பன் அணுக்கள் கொண்ட, வளையம் இல்லாத நீண்ட சங்கிலி. ஜப்பானிய வேதியியலர் மிட்சுமாரு சுஜிமோட்டோ 1906இல் சுறா ஈரல் எண்ணெயில் இதைக் கண்டறிந்தார். ஆழ்கடல் சுறாக்களின் ஈரலில் ஸ்குவாலீன் மிகுதி. காற்றுப்பை இல்லாத அந்த மீன்கள் நீரைவிட இலேசான இந்த எண்ணெயின் துணையால்தான் மூழ்காமல் நீந்துகின்றன. மனித ஈரலிலும் ஸ்குவாலீன் உண்டாகிறது. ஆனால் அது தேங்குவதில்லை, உடனுக்குடன் கொலஸ்ட்ராலாக மாறுகிறது. முதலில் வேறொரு நொதி அதன் ஒரு முனையில் ஆக்சிஜன் அணு ஒன்றைச் சேர்க்கிறது. அடுத்த வேலை லானோஸ்டீரால் சிந்தேஸுடையது.

இந்த நொதியின் வடிவத்தை பாசல் நகரின் ரோஷ் நிறுவன ஆய்வாளர்கள் எக்ஸ்ரே படிகவியல் மூலம் கண்டு, 2004இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். இதில் 732 அமினோ அமிலங்கள் உள்ளன. அவை சுருள்களாக மடிந்து, பீப்பாய் போன்ற இரண்டு பகுதிகளாக அமைகின்றன. நொதியின் நீர் ஒட்டாத ஒரு பக்கம் செல்லின் உட்சவ்வில் பதிந்திருக்கிறது. சவ்வில் கரைந்திருக்கும் சங்கிலி, அங்கிருந்து ஒரு குறுகிய வழியாக நொதியின் நடுவிலுள்ள குழிக்குள் நுழைகிறது.

குழியின் வடிவத்துக்கு ஏற்பவே சங்கிலி மடிகிறது. 455ஆம் இடத்திலுள்ள ஆஸ்பார்டிக் அமிலம் ஆக்சிஜன் முனைக்கு ஒரு புரோட்டானைக் கொடுக்க, வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொள்கின்றன. இடையில் தோன்றும் நேர்மின்னேற்றம் நிலையற்றது. குழியின் சுவரிலுள்ள டிரிப்டோபான், பினைல்அலனின் போன்றவற்றின் எலெக்ட்ரான்கள் அதைத் தாங்கிப்பிடிக்கின்றன. கடைசியில் ஒரு புரோட்டான் வெளியேற, லானோஸ்டீரால் கிடைக்கிறது. அது மேலும் பல படிகளைக் கடந்து கொலஸ்ட்ரால் ஆகிறது.

இந்தக் குழியை அடைத்தால் கொலஸ்ட்ரால் உற்பத்தி குறையும். அப்படித் தடுக்கும் ஒரு சேர்மம் குழிக்குள் எவ்வாறு பொருந்துகிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. இன்று பரவலாக உள்ள ஸ்டாட்டின் மருந்துகள் தடுப்பதோ இதற்கு வெகு முந்திய ஒரு படியை.

சுவரில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினாலும் நொதி பழுதாகலாம். மின்னேற்றத்தைத் தாங்கும் 581ஆம் இடத்து டிரிப்டோபானுக்குப் பதிலாக ஆர்ஜினின் அமைந்த ஒரு குடும்பத்தில், பிள்ளைகளுக்குப் பிறவிக் கண்புரை இருந்தது 2015இல் தெரியவந்தது. கண்வில்லையின் புரதங்கள் திரளாமல் காப்பதில் லானோஸ்டீராலுக்குப் பங்கு உண்டு என்று அதே ஆய்வு கூறியது.