கம்பியின் கணக்கு – 14
திண்டிவனம் தாண்டியதும் தலைக்கு மேல் ஒரு தந்தி

இந்த வாரம் தம்புராவின் ஜீவா நூல், அதாவது தந்திக்கும் குதிரைக்கும் நடுவே செருகும் நூல், என்று சொல்லியிருந்தேன். சி.வி. ராமன் 1921-ல் எழுதிய கட்டுரை மேசைமேல்தான் கிடக்கிறது. ஆனால் நடுவில் விழுப்புரம் பாசஞ்சரில் ஏறித் தொலைத்தேன். முன்பு சுரமானியில் (சோனோமீட்டர்) கம்பியை இழுக்க எடை தொங்கவிட்டது நினைவிருக்கும்: இழுவிசையைக் கம்பியின் மீட்டர் எடையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் அலையின் வேகம். அவ்வளவு போதும்.

திண்டிவனம், மயிலம், பேரணி, விக்கிரவாண்டி என்று வண்டி போகப் போக, தலைக்கு மேல் அதே சுரமானி ஓடிவருகிறது. என்ஜினுக்கு மின்சாரம் தரும் செம்புக்கம்பியைச் சொல்கிறேன். சில கம்பங்களில் கப்பியும், அதிலிருந்து தொங்கும் எடை அடுக்கும் உண்டு. எதிர் சீட்டில் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர். கேட்டேன். "அது வெயிலுக்கு இறங்கும், ராத்திரிக்கு ஏறும் சார். எறங்காட்டிதான் எங்களுக்கு வேலை" என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 750 மீட்டர் செம்புக்கம்பி 20 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் கால் மீட்டர் நீளும். கப்பி மூன்றுக்கு ஒன்று. எனவே எடை முக்கால் மீட்டர் இறங்கும். இழுவிசை மட்டும் மாறாது. கச்சேரி நடுவே வைணிகர் பிருடையைத் திருகிச் சுருதி சேர்ப்பதை, இங்கே ஆளில்லாமல் புவியீர்ப்பு செய்துகொண்டிருக்கிறது!

இந்தப் பாதைக்கு மின்சாரம் புதிதல்ல. 1960-களில், மீட்டர் கேஜாக இருந்தபோதே தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை கம்பி கட்டி, ஜப்பானிய என்ஜின்களை ஓட்டினார்கள். மீட்டர் கேஜில் மின்சார என்ஜின் இந்தியாவில் வேறெங்கும் அத்தனை தூரம் ஓடியதில்லை.

சரி, சுருதி? நம் ரயில்வேயில் வழக்கமான இழுவை ஒரு டன்; அதாவது சுமார் 9,800 நியூட்டன். கம்பி மீட்டருக்குச் சுமார் 950 கிராம். அலையின் வேகம் நொடிக்கு 101 மீட்டர் சொச்சம். இரண்டு கம்பங்களுக்கு நடுவே அதிகபட்சம் 72 மீட்டர். அலை போய்த் திரும்ப ஒன்றரை நொடி ஆகிறது. ஆக, அடிப்படை நிலையலை நொடிக்கு ஒரு முறைகூட முழுதாக ஆடாது. நம் காது 20-க்குக் கீழே கேட்காது. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையைக் கடக்கும்போது அந்தத் தந்தி மீட்டப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறது, நமக்குத்தான் எட்டவில்லை.

நொடிக்கு 101 மீட்டர் என்றால் மணிக்குச் சுமார் 365 கிலோமீட்டர். 110-ல் போகும் வண்டிக்குக் கவலையில்லை. என்ஜின் கூரையிலிருந்து கம்பியை உரசிவரும் பான்டோகிராஃப் தள்ளும் அலை முன்னால் ஓடிவிடும். வண்டி அந்த வேகத்தை நெருங்கினால் அலை முன்னேற வழியின்றிக் குவியும். கம்பி எகிறும், தீப்பொறி பறக்கும். 2007-ல் பிரான்சில் 574.8 கிலோமீட்டர் வேகச் சாதனைக்கு முன், கம்பியின் இழுவிசையை 40,000 நியூட்டனுக்கு ஏற்றினார்கள். என்ஜினை மட்டும் முடுக்கிப் பயனில்லை, தந்தியையும் முறுக்க வேண்டும்.

இடம் தீர்ந்துவிட்டது. ஜீவா நூல் அடுத்த வாரம், நிச்சயம். ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அங்கே அசையாமல் நிற்க வேண்டிய மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது ஐரோப்பியர் வகுத்த விதி. தம்புராவில் அவை கணீரென்று கேட்கின்றன. ராமன் பிடித்துக்கொண்டது அந்த இடத்தைத்தான்.